சார்ஜ் விளக்கின் அடுத்த மாடல்: மறுசுழற்சி பிளாஸ்டிக் போட்டால் ‘பசுமை’ ஆகிவிடுமா?

#1 விளக்குத்திரி

வணக்கம் நண்பர்களே. பொருள் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் செய்வது கையில் தூக்கிப் போகும் சார்ஜ் விளக்கு. ஏபிஎஸ் (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) உறை, இரண்டு பாதி, அல்ட்ராசானிக் வெல்டிங்கில் (அதிர்வால் ஓரத்தை உருக்கி ஒட்டும் முறை) மூடியது. உள்ளே ஒரு 18650 (உருளை செல்லின் ஒரு பொது அளவு) லித்தியம் அயான் செல், ஸ்பாட் வெல்டு செய்த நிக்கல் பட்டை, செல் ஆடாமல் இருக்க ஹாட் குளூ. அலுமினியத் தகட்டுப் பலகையில் எல்இடி. யுஎஸ்பி-சி துளை மெயின் போர்டிலேயே இருக்கிறது.

அடுத்த மாடல் “சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக” இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்கு என்ன அர்த்தம் என்பதை விற்பனைப் பிரிவே முடிவு செய்துவிட்டது: உறையில் 30% மறுசுழற்சி பிளாஸ்டிக், பழுப்பு அட்டைப்பெட்டி, பெட்டி மேல் ஓர் இலை படம். இலை எந்தப் பச்சையில் இருக்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு கூட்டமே நடந்தது.

எனக்கென்னவோ இது மேல்பூச்சு என்றே படுகிறது. புது அச்சுக்கு (உறையை வார்க்கும் அச்சு) ஆர்டர் இன்னும் போகவில்லை. மாற்றுவதென்றால் இப்போதுதான் மாற்ற முடியும். நீங்களாக இருந்தால் எதில் கை வைப்பீர்கள்?

#2 அச்சுப்பட்டறை

தம்பி, அச்சு வெட்டறதுக்கு முன்னாடியே கேட்டது நல்லது. வெட்டின பிறகு வந்து கேக்கறவங்கதான் அதிகம்.

மறுசுழற்சி ஏபிஎஸ் போடறதுல தப்பில்ல. ஆனா லாட்டுக்கு லாட் அது உருகி ஓடற வேகம் மாறும். ஒரு மூட்டையில சரியா நிரம்பின அச்சு அடுத்த மூட்டையில ஓரம் நிரம்பாம நிக்கும், இல்லன்னா பிசிறு தள்ளும். கீழ விழுந்தா தாங்கற பலமும் புதுச் சரக்கைவிடக் குறைச்சல். அதனால சுவர் கனம், ரிப் (உள்பக்கம் தாங்கற விலா), ஸ்க்ரூ பாஸ் (ஸ்க்ரூ இறங்கற குழல்) எல்லாத்தையும் அந்தச் சரக்கை மனசுல வச்சு முதல்லயே வரையணும். புதுச் சரக்குக்கு வரைஞ்ச அச்சுல பிறகு இதைத் தள்ளினா, விரிசல் பாஸ் பக்கத்துலதான் ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு. பட்டறையில விழற ரன்னர், ஸ்ப்ரூவை (பிளாஸ்டிக் ஓடி வர்ற வழியில உறைஞ்சு மிஞ்சற துண்டுங்க) அரைச்சு அதே மெஷின்ல திரும்பப் போடறது எல்லாரும் பண்றதுதான். அதையும் கணக்குல சேர்த்து “மறுசுழற்சி 30%”னு அடிக்கச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. சுற்றுச்சூழல் விளம்பர வாசகத்துக்கான சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 14021 படி அது செல்லாது. ஒரு செயல்முறையில விழுந்து அதே செயல்முறைக்குத் திரும்பற கழிவு மறுசுழற்சிப் பங்குல வராது. சரக்கு குடுக்கறவர்கிட்ட இது ஜனங்க பயன்படுத்தித் தூக்கிப் போட்டதுல இருந்து வந்ததான்னு எழுத்துல வாங்கிக்கங்க.

கருப்பு நிறம் மட்டும் வேண்டாம். மறுசுழற்சி சரக்குல நிறம் முன்னப்பின்ன இருக்கும், அதை மறைக்க எல்லாரும் கருப்புக்குப் போவாங்க. கார்பன் பிளாக் கலந்த பிளாஸ்டிக், தரம் பிரிக்கற ஆலையில இருக்கற அகச்சிவப்பு சென்சாருக்குத் தெரியவே தெரியாது, வெளிச்சத்தை அப்படியே விழுங்கிடும். ஒரு தடவை மீண்டு வந்த பிளாஸ்டிக்கை இன்னொரு தடவை மீள விடாம பண்ணிடறோம்.

#3 தராசு

எதில் கை வைப்பது என்று கேட்பதற்கு முன், சுமை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு செய்வது அதைத்தான் (ஐஎஸ்ஓ 14040, 14044). சுரங்கத்தில் தொடங்கிக் குப்பையில் முடியும் வரை எது எவ்வளவு உள்ளே போகிறது, எது எவ்வளவு வெளியே வருகிறது என்ற கணக்கு.

ஒப்பிடும் அலகை “ஒரு விளக்கு” என்று வைக்காதீர்கள். “இத்தனை லூமென் வெளிச்சம், இத்தனை ஆயிரம் மணி நேரம்” என்று வையுங்கள். இரண்டு வருடத்தில் கண்ணை மூடும் விளக்கையும் ஆறு வருடம் எரியும் விளக்கையும் அப்போதுதான் நேர்மையாக ஒப்பிட முடியும்.

எந்தப் பாதிப்பை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை தலைகீழாகும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட கடைப்பை ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் இயற்கை வேளாண் பருத்திப் பையைத் தட்பவெப்பக் கணக்கில் 149 தடவை பயன்படுத்த வேண்டும். எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 20,000 தடவை. இந்த 20,000ஐ மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள், அதைத் தூக்கிவிட்டது ஓசோன் படலப் பாதிப்பு என்ற ஒரே அளவுகோல் என்பதைச் சொல்வதில்லை.

உங்கள் விளக்குக்கு வருவோம். குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் பெரும் சுமை வருடக்கணக்கில் குடிக்கும் மின்சாரத்தில் இருக்கிறது. கைபேசியில் நேர்மாறாக, தயாரிப்பிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. சில வாட் எல்இடி விளக்கு இரண்டாவது ரகம். தயாரிப்பிலும் கிராமுக்குக் கிராம் பார்த்தால் பிசிபி (மின்சுற்று போர்டு), சில்லுகள், செல் ஆகியவற்றின் சுமைதான் அதிகம். உறை எடையில் பெரிது, பாதிப்பில் அவ்வளவு பெரிதில்லை. விற்பனைப் பிரிவு கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

#4 சும்மா_சொல்றேன்

எல்லாம் சரி, கம்பெனிக்கு வருஷா வருஷம் புதுசு விக்கணும். நீடிச்சு உழைக்கற பொருளை எவன் செய்வான்? 1924லேயே பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் கார்டெல் (போட்டி போடாம தங்களுக்குள்ள பேசி வச்சுக்கற கூட்டு) அமைத்து, பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல எரியக்கூடாதுன்னு முடிவு பண்ணி, மீறினவங்களுக்கு அபராதமே போட்டாங்க. நூறு வருஷமா இதே கதை.

#5 தராசு

> 1000 மணி நேரத்துக்கு மேல எரியக்கூடாதுன்னு

நடந்தது உண்மை, அபராதமும் உண்மை. ஆனால் டங்ஸ்டன் இழை அதிகச் சூட்டில் எரிந்தால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும், ஆயுளும் குறையும். 2000 மணி நேர பல்பு மங்கலாக எரிந்து மின்சாரத்தைத் தின்றது என்பதும் இதே கதையின் மறுபாதி. கார்டெல்காரர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை.

எல்இடியில் அந்தச் சிக்கலே கிடையாது என்பதுதான் முக்கியம். எல்இடிக்குக் குறைந்த கரண்ட் கொடுத்தால் சில்லு சூடாகாது, ஆயுள் கூடும், ஒரு வாட்டுக்கு வரும் லூமெனும் கூடும். இரண்டும் ஒரே திசையில் போகின்றன. ஒரு எல்இடியை உச்ச கரண்டில் விரட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி கரண்டில் ஓட்டலாம். ஒரு சில்லு கூடுதலாகச் செலவாகும், மறுக்கவில்லை.

செல்லுக்கும் இதே நியாயம். 4.2 வோல்ட் வரை ஏற்றாமல் 4.1இல் நிறுத்தினால் ஒரு சார்ஜில் எரியும் நேரம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் செல் தாங்கும் சார்ஜ் சுற்றுகள் கணிசமாகக் கூடும். அச்சு மாற வேண்டாம், பாகம் கூட வேண்டாம். சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ஐசியைத் தேர்ந்தெடுக்கும்போது எடுக்கும் முடிவு மட்டுமே. ஆனால் பெட்டியில் “8 மணி நேரம்” என்று அடிக்க ஆசைப்படும் விற்பனைப் பிரிவு இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

#6 திருப்புளி

நான் பழுது பார்க்கிறவன். இந்த மாதிரி விளக்குகள் மேஜைக்கு வரும்போது எப்படி வருகின்றன என்று சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே முடிவெடுங்கள்.

வருகிற புகார் மூன்று. சார்ஜ் ஏறவில்லை. ஏறுகிறது, நிற்கவில்லை. சுவிட்ச் வேலை செய்யவில்லை. எல்இடி தானாகச் செத்து வந்ததைப் பார்ப்பது அபூர்வம். மூன்று புகாருக்கும் உள்ளே வேலை சில நிமிடம்தான். உள்ளே போவதுதான் பெரும்பாடு. அல்ட்ராசானிக் வெல்டிங் போட்ட உறையில் தையல் என்று ஒன்றே கிடையாது, இரண்டு பாதியும் உருகி ஒன்றாகியிருக்கும். மெல்லிய பிளேடை ஓரத்தில் வைத்துத் தட்டித் தட்டிப் போக வேண்டும். மூலை வரும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். வெல்டிங் விட்டதா, உறை பிளந்ததா என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பாதிக்குப் பாதி உறைதான் பிளக்கும். சரிசெய்தபின் டேப் சுற்றிக் கொடுத்தால் வாடிக்கையாளர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது செல். ஹாட் குளூவில் புதைத்திருப்பார்கள். நெம்பினால் செல்லின் பிளாஸ்டிக் சுற்று கிழியும். 18650இல் மேல் முனையைத் தவிர உடம்பு முழுக்க எதிர்மின் முனை. கிழிந்த இடத்தில் நெம்புகோலே ஷார்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிக்கல் பட்டையை நேராக போர்டில் பற்றவைத்திருப்பதால், புது செல் போடுகிறவனுக்கு ஸ்பாட் வெல்டர் வேண்டும். அது இல்லாதவன் சூட்டுக்கோலைச் செல் மேலேயே வைப்பான். அது செல்லுக்கு ஆகவே ஆகாது.

மூன்றாவதுதான் என்னைக் கோபப்படுத்துவது. யுஎஸ்பி துளை. தினம் தினம் ஒயரைச் செருகி உருவும் இடம், விளக்கிலேயே அதிகம் அடிவாங்கும் பாகம், அதைக் கொண்டுபோய் மெயின் போர்டில் வைக்கிறார்கள். துளை ஆடி ஆடிக் கடைசியில் போர்டின் செப்புத் தடத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு சின்ன உலோகத் துண்டுக்காக முழு போர்டும் குப்பை. தராசு சொன்ன கணக்கில் சுமை அதிகமான பாகம் எது? அதே போர்டுதான்.

ஆகவே என் வரிசை: துளைக்குத் தனிக் குட்டி போர்டு, செருகிக் கழற்றும் கனெக்டர். செல்லுக்கு ஹோல்டர், இல்லையென்றால் ஒயரும் கனெக்டரும். உறைக்கு ஸ்க்ரூ, எல்லாம் ஒரே தலை, ஒரே நீளம். நீளம் மாறினால் யாராவது நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டு முன்பக்கம் துளைத்துவிடுவார்கள். மறுசுழற்சி பிளாஸ்டிக் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் இது மூன்றும் ஆன பிறகு.

#7 விளக்குத்திரி

திருப்புளி ஐயா, நன்றி. இதைப் படித்துவிட்டு எங்கள் சேவைப் பிரிவில் பழுது விவரம் கேட்டேன். “பழுது பார்ப்பதில்லை, மாற்றிக் கொடுத்துவிடுவோம்” என்றார்கள். திரும்பி வந்தவற்றைத் திறந்து பார்த்தவர் யாருமே இல்லை.

தடைகளையும் சொல்கிறேன். (அ) மழைச்சாரல் தாங்க வேண்டும். (ஆ) இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் பிழைக்க வேண்டும். (இ) வெல்டிங் ஒரு நொடி வேலை, நான்கு ஸ்க்ரூ என்றால் அசெம்பிளி ஆட்கள் எகிறுவார்கள்.

#8 அச்சுப்பட்டறை

முழு உறையையும் திறக்கற மாதிரி பண்ணணும்னு யார் சொன்னா? செல்லுக்கு அடியில தனியா ஒரு அறை, அதுக்கு ஒரு மூடி, சிலிகான் கேஸ்கெட் (நீர் புகாம அடைக்கற வளையம்), ரெண்டு ஸ்க்ரூ. குட்டி போர்டையும் அதே அறைக்குள்ள கொண்டு வந்துட்டா, அடிக்கடி போற பாகம் எல்லாம் ஒரே வாசல்ல கிடைக்கும். மேல் பகுதியை ஸ்னாப்-ஃபிட்ல (கொக்கி மாட்டிப் பூட்டறது) மூடுங்க. சாரல் கேஸ்கெட்லயே நிக்கும்.

ஸ்னாப்-ஃபிட் வரையறப்ப கொக்கி அச்சுல மாட்டிக்காம இருக்க ஸ்லைடு (பக்கவாட்டுல நகர்ற அச்சுத் துண்டு) போட வேண்டி வரும், அச்சு விலை ஏறும். கொக்கிக்கு நேர் கீழ ஒரு சன்னல் விட்டு வரைஞ்சா ஸ்லைடு வேண்டாம். இதை வரையறவங்ககிட்ட நான் சொல்லாத நாளில்ல. கொக்கி வேரில ஒரு நல்ல ரேடியஸ் குடுங்க, கூர்மூலை வச்சா மறுசுழற்சி சரக்குல முதல் தடவை திறக்கறப்பவே கையோட வந்துடும்.

ஸ்க்ரூ விஷயத்துல திருப்புளிக்கும் எனக்கும் பழைய சண்டை. அவருக்குப் பித்தளை இன்செர்ட் (பிளாஸ்டிக்குள்ள பதிக்கற மரைக் குழல்) வேணும், எத்தனை தடவை திறந்தாலும் மரை போகாது. ஆனா அரைவைக்குப் போற பிளாஸ்டிக்ல பித்தளை இருந்தா காந்தத்துல ஒட்டாது, பிளேடைக் கெடுக்கும். பிளாஸ்டிக்குக்குன்னே செய்யற மரை உருவாக்கும் ஸ்க்ரூ போடுங்க. திறந்து மூடறப்ப பழைய மரையில உக்கார வச்சுத் திருப்பினா போதும்.

#9 திருப்புளி

பழைய மரையில உட்கார வைக்கத் தெரிந்தவன் எத்தனை பேர்? இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, ‘டிக்’ என்று விழுந்த பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று மூடியிலேயே படம் போட்டால் ஒத்துக்கொள்கிறேன். தனி வாசல் யோசனை நல்ல யோசனை.

#10 விதிப்புத்தகம்

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குவிதிப்படி, 18 பிப்ரவரி 2027 முதல் சாதனங்களில் உள்ள கையடக்க பேட்டரியைப் பயனரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். தனி ரகக் கருவி வேண்டுமென்றால் சாதனத்தோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சூடு காட்டியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்கும்படி இருக்கக்கூடாது. அந்த மாடலின் கடைசி விளக்கு சந்தைக்குப் போன பிறகும் ஐந்து வருடம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். ஹாட் குளூ, வெல்டிங் இரண்டும் அங்கேயே அடிபடுகின்றன.

நீரில் அலசிக் கழுவும் சாதனங்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சாரல் தாங்குவதை அதில் நுழைக்கப் பார்க்காதீர்கள். தொடர்ந்து நீர் தெறிக்கும் சூழலுக்கென்றே செய்ததாகவும், கழுவவோ அலசவோ கூடியதாகவும் இருந்தால்தான் அது பொருந்தும்.

கைபேசிக்கு 20 ஜூன் 2025 முதலே வடிவமைப்பு விதி வந்துவிட்டது: 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80% கொள்ளளவு, விற்பனை நின்ற பின்னும் 7 வருடம் உதிரிபாகம். 2024இல் நடைமுறைக்கு வந்த சூழல்வடிவமைப்பு ஒழுங்குவிதி இதை வேறு பொருள்களுக்கும் விரிக்க வழிசெய்கிறது.

#11 இளந்தளிர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஏபிஎஸ்ஸுக்குப் பதிலாக மக்கும் பிளாஸ்டிக், அதாவது பிஎல்ஏ, போட்டால் என்ன? சோளத்திலிருந்து செய்கிறார்களே.

#12 அச்சுப்பட்டறை

சாதாரண பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும். வெயில்ல நிக்கற காருக்குள்ள விளக்கை விட்டுட்டுப் போனா கோணிக்கிட்டு நிக்கும். வீட்டுத் தோட்டத்துல போட்டா மக்கவும் மக்காது, 60 டிகிரியை ஒட்டிச் சூடு நிக்கற தொழில்முறை உரக்கிடங்கு வேணும். உள்ள செல்லும் போர்டும் இருக்கற பொருளை யார் உரக்கிடங்குல சேர்த்துப்பாங்க?

#13 பற்றாசு

போர்டு அசெம்பிளி பிரிவிலிருந்து. எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், அதைச் செய்கிற முறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் ஐரோப்பாவில் அமலானபோது நாங்கள் பழைய ஈய-வெள்ளீயப் பற்றாசிலிருந்து (பாகங்களைப் போர்டில் ஒட்டும் உலோகக் கலவை) வெள்ளீயம்-வெள்ளி-செம்பு கலவைக்கு மாறினோம். பழையது 183 டிகிரியில் உருகியது, புதியது 217 டிகிரிக்கு மேல். ஈயம் போனது நல்லது, சந்தேகமில்லை. பதிலுக்கு பற்றாசை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பின் சூடு ஏறியது, பாகங்கள் அதைத் தாங்கும்படி மாற வேண்டியிருந்தது, வெள்ளிக்கான சுரங்கச் சுமையும் கணக்கில் ஏறியது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். அதனால்தான் ஒரே எண்ணை வைத்து “பசுமை” என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேறு. ஒரு காலத்தில் பற்றவைத்த பிறகு போர்டில் படிந்த ஃபிளக்ஸைக் (பற்றாசு நன்றாக ஒட்ட உதவும் பூச்சு) கழுவ சிஎஃப்சி-113 என்ற கரைப்பானை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. கழுவுவதற்கு வேறு திரவம் தேடி எல்லோரும் அலைந்தபோது, கழுவத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். எச்சம் தங்கினாலும் கெடுதல் செய்யாத ஃபிளக்ஸ் பரவலானது. பல ஆலைகளில் கழுவும் வேலையே ஒழிந்தது. கரைப்பானும் மிச்சம், தண்ணீரும் மிச்சம், ஒரு மெஷினும் மிச்சம்.

விளக்குத்திரி, உங்கள் வேலையிலும் இப்படித் தூக்கிவிடக்கூடிய படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். உறைக்குப் பெயின்ட் அடிக்கிறீர்களா? அச்சிலேயே சொரசொரப்பு கொடுத்துவிட்டால் பெயின்ட், தின்னர், அடுப்பு மூன்றும் போகும். பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காரர் தொடவும் மாட்டார். ஆலையைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: கம்ப்ரஸர் ஓடும் ஆலையில் இரவு மெஷின் எல்லாம் நின்றபின் நடந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று கசிவது கேட்கும் ஒவ்வொரு இடமும் வீணாகும் மின்சாரம். இலை படம் போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

#14 சும்மா_சொல்றேன்

கடைசியில எல்லாம் அரைவை மெஷினுக்குத்தானே போகுது. இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு?

#15 தராசு

எப்படிப் பிரிந்து போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அலுமினியத்தை உருக்கி மீண்டும் எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கான ஆற்றலில் சுமார் 5% போதும். எல்இடிக்குப் பின்னால் இருக்கும் அலுமினிய வெப்பத்தகடு தனியாகக் கழன்றால் அந்த லாபம் கிடைக்கும், பசையோடு போர்டில் ஒட்டியிருந்தால் கிடைக்காது. எஃகிலும் இதே கதை. மோட்டாரும் ஒயரும் சேர்த்து அரைத்த இரும்புக் கழிவில் செம்பு கலந்துவிடுகிறது. உருக்கிய எஃகிலிருந்து செம்பைப் பிரித்தெடுக்க நடைமுறைக்கு உகந்த வழி இல்லை. அளவு கூடினால் உருட்டும்போது எஃகின் மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே அந்த எஃகு கட்டடக் கம்பிக்குப் போகலாம், கார் உடலுக்குப் போக முடியாது.

உங்கள் விளக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செல்லோடு அரைவைக்குள் விழுந்தால் தீப்பிடிக்கும். பிரிப்பவருக்கு ஒரு விளக்குக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான், அதற்குள் செல் வெளியே வரவேண்டும். பழுது பார்ப்பவருக்காக வைக்கும் வாசல் இவருக்கும் உதவும்.

#16 விளக்குத்திரி

எல்லோருக்கும் நன்றி. இதைத் தொகுத்து மேலிடத்தில் வைத்தேன். நிலவரம்:

தனி அறை, கேஸ்கெட், இரண்டு ஸ்க்ரூ: ஒப்புதல். விதிப்புத்தகம் சொன்ன 2027 தேதியைக் காட்டியதும் வேறு பேச்சே இல்லை. யுஎஸ்பி குட்டி போர்டு: ஒப்புதல். பெயின்ட்: எடுத்தாகிவிட்டது, செலவு குறைகிறது என்பதால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எல்இடி இரண்டு: ஒப்புதல். 4.1 வோல்ட்: தகராறு. போட்டியாளர் பெட்டியில் 8 மணி நேரம் என்று இருக்கிறதாம். சுவிட்சை நீளமாக அழுத்தினால் 4.2க்கு மாறும்படி வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது.

மறுசுழற்சி ஏபிஎஸ்ஸும் உண்டு, சாம்பல் நிறத்தில். முழு அளவான 30%, மேற்பக்க உறைக்கு மட்டும், செல் அறைக்கும் மூடிக்கும் புதுச் சரக்கு. விழுதல் சோதனை பார்த்தபின் கூட்டலாம் என்று அச்சுக்காரர்கள் சொல்கிறார்கள்.

ஒரு கேள்வி பாக்கி. உதிரிபாகத்தை ஐந்து வருடம் வைத்திருக்க கிடங்கில் இடமில்லை என்கிறார்கள்.

#17 திருப்புளி

எதற்குக் கிடங்கு? செல் 18650, எங்கும் கிடைக்கும் அளவு. உங்கள் தனி ரகக் கனெக்டரை வைத்துக் கெடுக்காதீர்கள், பொதுவாகப் புழங்கும் கனெக்டரே போதும். செல்லில் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா, இல்லாததா என்பதை மூடியின் உள்பக்கம் அச்சிலேயே பொறித்துவிடுங்கள், இல்லாததைப் போட வேண்டிய இடத்தில் உள்ளதைப் போட்டால் நீளம் ஒத்துவராது. நீங்கள் வைத்திருக்க வேண்டியது மூடி, கேஸ்கெட், குட்டி போர்டு, சுவிட்ச். ஒரு அலமாரியில் அடங்கும். குட்டி போர்டின் வரைபடத்தை இணையத்தில் போட்டுவிட்டால் அதுகூட வேண்டாம், நாங்களே செய்துகொள்வோம்.

#18 அச்சுப்பட்டறை

மூடியில எழுத்து பொறிக்கறதா இருந்தா பிளாஸ்டிக் வகையையும் சேர்த்துப் பொறிச்சுடுங்க, ஐஎஸ்ஓ 11469 குறியீட்டுல. அச்சு வெட்டறப்பவே சொன்னா ஒரு வேலையோட வேலையா முடியும். சாம்பல்ல மாதிரிச் சரக்கு ரெண்டு லாட் அனுப்பச் சொல்லுங்க, ஒரே லாட்ல ரெண்டு மூட்டை இல்ல, வேற வேற லாட். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு கேட் (பிளாஸ்டிக் அச்சுக்குள்ள நுழையற வாய்) எங்க வைக்கலாம்னு சொல்றேன்.